இரவில் ரயில் பார்ப்பவர் எதிலிருந்து ஓடுகிறார்?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு 47 வயது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சொந்த வீடு. புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன்; தினமும் பஸ்ஸில்தான் போய்வருகிறேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கையை மீறிய கடன் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடத் தோன்றியது. இனி நான் எழுதப்போவதைப் படித்தால், இதற்கெல்லாமா ஒரு மனிதன் கடிதம் எழுதுவான் என்று நீங்கள் சிரிக்கக்கூடும்.

நான் ரயில் பார்க்கிறேன். கைப்பேசியில். ரயில் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து, முன்கண்ணாடி வழியாக எடுத்த வீடியோக்கள். பாட்டு இருக்காது, பேச்சு இருக்காது. தண்டவாளம் எதிரே வந்துகொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஜப்பான், சுவிட்சர்லாந்து எல்லாம் பார்த்திருக்கிறேன். நார்வேயில் ஆஸ்லோவிலிருந்து பெர்கன் போகும் பாதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதில் ஃபின்சே என்று ஒரு ஸ்டேஷன் வரும். கடல் மட்டத்திலிருந்து 1,222 மீட்டர் உயரம். பிளாட்பாரத்தில் முதுகுப்பையோடு இரண்டு பேர் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் வெறும் பனியும் பாறையும்தான். அங்கிருந்து புறப்பட்டால் கொஞ்ச தூரத்தில் சுரங்கங்கள் வரிசையாக வரும். உள்ளே நுழைந்ததும் திரை கறுத்து என் முகம் அதில் தெரியும். வெளியே வந்ததும் வெளிச்சம். மறுபடி சுரங்கம். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இரவு பத்தரை மணிக்கு மேல் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்ப்பேன். சில நாள் பன்னிரண்டு மணியாகிவிடும். சில நாள் அதற்கு மேலும்.

என் மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சில வாரங்களுக்கு முன் ஒரு நாள் சத்தமில்லாமல் மாடிக்கு வந்து கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தாள். ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்ததும் நிம்மதியாகிவிடுவாள் என்று நினைத்தேன். கோபம் இரண்டு மடங்கானது. “வேறு ஒரு பெண்ணாக இருந்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்” என்றாள். கீழே இறங்கும்போது இன்னொன்றும் சொன்னாள்: “இந்த வீட்டில் தப்பித்துப் போக உங்களுக்கு மட்டும் ஓர் இடம் இருக்கிறது.” அன்றிலிருந்து தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

வீட்டு நிலைமையையும் சொல்ல வேண்டும். என் அப்பா ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. எதைக் கேட்டாலும் “இல்லை” என்ற ஒரு சொல்தான் வருகிறது. அம்மா முன்பே காலமாகிவிட்டார். காலையில் உதவிக்கு ஒரு அம்மா வந்து போகிறார். மற்ற நேரமெல்லாம் என் மனைவிதான் பார்த்துக்கொள்கிறாள். மகள் சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மகன் பிளஸ் ஒன்.

என் பங்கில் நான் குறை வைக்கவில்லை, அம்மா. மருந்து, டயப்பர், பிசியோதெரபி எதற்கும் ஒரு நாள்கூடப் பணம் தாமதமானதில்லை. ஆபீசில் ஒருவர் வேலையை விட்டுப் போனபோது அவருடைய ஜிஎஸ்டி வேலையையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதனால் வீடு திரும்ப எட்டரை, ஒன்பது ஆகும். ஞாயிற்றுக்கிழமையும் பெரும்பாலும் போய்விடுவேன். எங்கள் தெரு நலச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். குடிநீர்க் குழாய்க்கு மாநகராட்சியில் மனு கொடுப்பதிலிருந்து மார்கழியில் நன்கொடை வசூலிப்பது வரை என் தலையில்தான். எந்தப் பொறுப்பையும் நான் தட்டிக் கழித்ததில்லை. இரவில் ஒரு மணி நேரம், அப்பாவின் அறையைத் தாண்டி மாடிப்படி ஏறும்போது, அவர் தூக்கம் கலையக் கூடாது என்று விளக்குகூடப் போடாமல் போய்விடுவேன். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

மகன் என் கைப்பேசிக்கு ஒரு பேச்சை அனுப்பினான். “அப்பா, இதற்குப் பெயர் எஸ்கேப்பிசம்” என்று கீழே எழுதியிருந்தான். அதில் பேசியவர், நிஜத்தைச் சந்திக்கத் தைரியமில்லாத கோழைகள்தான் கற்பனைக்குள் ஓடுவார்கள் என்று மேடையில் முழங்கினார். எனக்கு ரோஷம் வந்து வீடியோ பார்ப்பதை நிறுத்தினேன். தூக்கம் வரவில்லை. எதற்கெடுத்தாலும் எரிச்சல். உதவிக்கு வரும் அம்மாவிடம் ஒரு நாள் காரணமே இல்லாமல் கத்திவிட்டேன். பிறகு மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

தினமும் மாலையில் பஸ் முள்ளோடையைக் கடக்கும். மதுக்கடைகளின் முன்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து முன்பெல்லாம் முகம் சுளிப்பேன். இப்போது, அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் கோழையா? இது ஒரு நோயா? அடியோடு விட்டுவிட வேண்டுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
கடலூர்.

*

அன்புள்ள வாசகருக்கு,

நான் சிரிக்கவில்லை. நீங்கள் பார்க்கும் அதே பாதையை ஒரு நாடே உட்கார்ந்து பார்த்திருக்கிறது. 2009ஆம் ஆண்டு, அந்தப் பாதை திறக்கப்பட்டு நூறு ஆண்டுகள் ஆனதை ஒட்டி, நார்வேயின் பொதுத் தொலைக்காட்சி பெர்கனிலிருந்து ஆஸ்லோ வரையிலான முழுப் பயணத்தையும், ஏழு மணி நேரத்துக்கும் மேலாக, ஒரு நிமிடத்தையும் வெட்டாமல் ஒளிபரப்பியது. அப்போது அரைக் கோடிக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த நாட்டில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் ஏதாவது ஒரு பகுதியைப் பார்த்தார்கள். அத்தனை பேரும் கோழைகளாக இருக்க முடியாது.

கோழைத்தனம் பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதற்கு அதிக இடம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. நான் இருப்பது புதுச்சேரியில். தப்பி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தே பெயர் வாங்கிய ஊர் இது. பிரிட்டிஷ் போலீஸ் கைது செய்யும் என்று தெரிந்து பாரதி 1908இல் இங்கே வந்தார். 1910இல் அரவிந்தர் வந்தார், வ.வே.சு. ஐயர் வந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1918 நவம்பரில் பாரதி எல்லையைத் தாண்டியதும் பிடித்து, உங்கள் கடலூர்ச் சிறையில்தான் வைத்தார்கள். அவர் ஏன் ஓடினார் என்று இன்று எவரும் கேட்பதில்லை. வந்த இடத்தில் அவர் எழுதியவற்றைப் படித்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் மகன் அனுப்பிய பேச்சாளருக்கு இதெல்லாம் தெரியாமல் இருக்காது. மேடையில் கைத்தட்டல் வாங்க ‘கோழை’ என்ற சொல் எளிதாக உதவுகிறது, அவ்வளவுதான்.

இப்போது உங்கள் ரயிலுக்கு வருகிறேன். நார்வேக்காரரான ஃப்ரோட ஸ்டென்செங் என்ற உளவியலாளர் 2012இல் தன் சகாக்களோடு வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். அன்றாடத்தை விட்டு ஒன்றில் மூழ்கிப்போகிறவர்களை அவர்கள் இரண்டு விதமாகப் பார்த்தார்கள். சிலர் தங்கள் மனத்தில் இருக்கும் கசப்பை உணராமல் இருப்பதற்காக மூழ்குகிறார்கள். இன்னும் சிலர் புதிதாக எதையாவது பார்க்க, அறிய, ரசிக்க மூழ்குகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இருவர் கையிலும் ஒரே கைப்பேசி, ஒரே வீடியோகூட இருக்கலாம். விளைவில்தான் வேறுபாடு. முதல் வகை மனச்சோர்வோடு சேர்ந்தே காணப்பட்டது. இரண்டாவது வகை உற்சாகத்தோடு சேர்ந்து வந்தது.

நீங்கள் எந்த வகை? எனக்கு உங்கள் கடிதத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. ஆனால் அந்தப் பத்தியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஸ்டேஷனின் உயரம் நினைவிருக்கிறது. பிளாட்பாரத்தில் நிற்பவர்களின் முதுகுப்பை நினைவிருக்கிறது. கறுத்த திரையில் உங்கள் முகம் தெரிந்ததைக்கூடக் கவனித்திருக்கிறீர்கள். மரத்துப்போவதற்காகப் பார்ப்பவர்களுக்கு இப்படி நினைவிருக்காது. என்னிடம் வருபவர்களில் பலர் நள்ளிரவு தாண்டியும் கட்டைவிரலால் திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். மறுநாள் காலையில் நேற்று என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒன்றையும் சொல்ல முடிவதில்லை. உங்கள் ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி உங்களுக்கு நல்லதையே செய்கிறது என்றுதான் நினைக்கிறேன். அதை நிறுத்தியதும் எரிச்சல் வந்ததை அடிமைத்தனத்தின் அறிகுறி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சுமை எதையும் குறைக்காமல், இருந்த ஒரே ஓய்வை மட்டும் எடுத்துவிட்டீர்கள். வேறு என்ன நடக்கும்?

நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறையில் உள்ள பதிப்பில் விளையாட்டு அடிமைத்தனம் இடம்பெற்றிருக்கிறது. டிஜிட்டல் விளையாட்டுகளுக்கான வரையறை அது, ரயில் பார்ப்பவர்களுக்கானது அல்ல. ஆனாலும் அதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எத்தனை மணி நேரம் என்பதை அந்த வரையறை கேட்பதே இல்லை. நிறுத்த நினைத்தால் நிறுத்த முடிகிறதா, வாழ்க்கையின் மற்ற வேலைகளையும் விருப்பங்களையும் அது பின்னுக்குத் தள்ளிவிட்டதா, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர்கிறதா, பொதுவாக ஓராண்டாவது இப்படி நீடித்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். நீங்கள் எழுதியிருப்பதில் தூக்கம் குறைவதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை. தூக்கத்துக்கு மருந்து சுலபம்: பதினொன்றரைக்குக் கீழே இறங்கிவிடுங்கள். ஃபின்சே நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

முள்ளோடைக் கூட்டத்துக்கும் உங்களுக்கும் வேறுபாடு உண்டு. மது உடலையே மாற்றிவிடும். ஒரு கட்டத்துக்கு மேல் அது இல்லாவிட்டால் கை நடுங்கும், சிலருக்கு வலிப்புகூட வரும். ரயில் வீடியோ அதைச் செய்யாது. ஆனால் ஒற்றுமையும் ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். தாங்க முடியாத ஒன்றிலிருந்து விலகும் அந்த நொடியில் நெஞ்சில் பாரம் இறங்குகிறது. அந்த நிம்மதிதான் கூலி. எதைச் செய்தபோது கூலி கிடைத்ததோ, அதை மூளை குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக விலகச் சொல்லும். விலகி விலகியே, நாம் எதைக் கண்டு விலகினோமோ அது உள்ளதைவிடப் பெரியதாகிவிடும். ஒரு நாள் போகாத இடத்துக்கு மறுநாள் போவது கடினம். ஒரு வருடம் போகாத இடம் பூதமாகிவிடும். மதுவானாலும் சீரியலானாலும் கோயில் குளமானாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

இதைச் சொல்லிவிட்டு, எனக்கு உண்மையில் கவலை தந்த பத்திக்கு வருகிறேன். அது ரயில் பத்தி அல்ல. “என் பங்கில் நான் குறை வைக்கவில்லை” என்று தொடங்குகிறீர்களே, அது.

வேலையை விட்டுப் போனவரின் ஜிஎஸ்டி வேலையை யாரும் உங்கள் தலையில் கட்டவில்லை. நீங்களே கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். அதனால் வீடு வர ஒன்பது மணி. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. மிச்ச நேரத்துக்கு மாநகராட்சி மனு, மார்கழி நன்கொடை. வெளியூருக்குப் பஸ்ஸில் போய்வரும் ஒருவர், நோயாளி இருக்கும் வீட்டின் தலைவர், இவ்வளவையும் ஏன் சேர்த்துக்கொள்கிறார்? நீங்கள் சொல்லும் காரணம் பொறுப்புணர்ச்சி. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு வருடங்களில் நீங்கள் ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு பொறுப்பும் உங்களை வீட்டுக்கு வெளியே வைத்திருக்கும் பொறுப்பாகவே இருக்கிறது என்பதைக் கவனித்தீர்களா?

நம் ஊரில் இந்த ஓட்டத்தை யாரும் ஓட்டமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. நாவல் படித்தால், சீரியல் பார்த்தால், விளையாடினால் ‘நிஜத்திலிருந்து ஓடுகிறான்’ என்பார்கள். ராத்திரி ஒன்பது மணி வரை ஆபீசில் உட்கார்ந்தால் ‘உழைப்பாளி’ என்பார்கள். அந்தப் பாராட்டு இருக்கிறதே, அதுதான் இந்த ஓட்டத்தை நிறுத்த விடாமல் செய்கிறது. சுனாமிக்குப் பிறகான மாதங்களில் கடலூர்க் கடலோரக் குடியிருப்புகளுக்கு நான் ஆலோசனைப் பணிக்குப் போனதுண்டு. குடும்பத்தில் பேரிழப்பைச் சந்தித்த ஒருவர், விடிந்ததிலிருந்து இரவு வரை நிவாரணப் பட்டியலோடு அலைந்துகொண்டிருந்தார். யாருக்கு அரிசி வந்தது, யாருக்குப் பாய் வரவில்லை என்று எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதிகாரிகள் முதல் அக்கம்பக்கத்தார் வரை அவரைக் கும்பிட்டார்கள். தற்காலிக வீடுகள் கொடுத்து முடிந்து பட்டியலுக்கு வேலை இல்லாமல் போன வாரத்தில்தான் அவர் விழுந்தார். அதுவரை அவர் அழவே இல்லை என்பதை யாரும், நான் உட்பட, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உங்கள் கடிதத்தில் ஃபின்சேக்கு ஐந்தாறு வரிகள் இருக்கின்றன. உங்கள் தந்தைக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். அதிலும் நோயின் விவரமும் செலவின் விவரமுமே அதிகம். அவர் இப்போது விரும்பிச் சாப்பிடுவது என்ன, சன்னலைத் திறந்து வைத்தால் பிடிக்கிறதா, பேரன் வந்தால் முகம் மாறுகிறதா என்று ஒரு வரியும் இல்லை. தினமும் அவர் அறையைத் தாண்டித்தான் மாடிக்குப் போகிறீர்கள். விளக்குப் போடாததற்குச் சொன்ன காரணத்தை நான் நம்புகிறேன்; ஆனால் அது முழுக் காரணம் என்று நம்பவில்லை. அவர் விழித்திருந்தால் என்ன செய்வது என்ற பயமும் அதில் இருக்கிறதோ?

இருந்தால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கரும்பலகை முன் நின்று ஒரு வகுப்பையே குரலால் கட்டிப்போட்ட மனிதர். உங்களுக்கே அவர்தான் கணக்கு சொல்லிக்கொடுத்திருப்பார். நீங்கள் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பதில் அவருக்குப் பங்கு இருக்கும். அவர் இப்போது “இல்லை” என்கிறார். இறந்தவருக்காக அழ நமக்குச் சடங்குகள் இருக்கின்றன, பதினாறாம் நாள் இருக்கிறது, வந்து உட்கார உறவுகள் இருக்கிறார்கள். கண்ணெதிரே இருப்பவரை இழந்துகொண்டிருப்பதற்குச் சடங்கு எதுவும் கிடையாது. பாலின் பாஸ் என்ற அமெரிக்க குடும்பநல ஆய்வாளர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த வகைத் துக்கத்தைப் பற்றி எழுதுவதில் செலவிட்டார். முடிவு தெரியாத இழப்பு என்பதால் மனம் துக்கப்படவும் முடியாமல், துக்கத்தை விடவும் முடியாமல் சிக்கிக்கொள்கிறது என்கிறார் அவர். அப்படிப்பட்ட அறைக்குள் போவதைவிட ஜிஎஸ்டி படிவம் எவ்வளவோ மேல் என்று தோன்றுவது இயல்புதான்.

எனவே விட வேண்டியது எது என்று கேட்டால், ரயிலை வைத்துக்கொள்ளுங்கள், ஜிஎஸ்டியைத் திருப்பிக் கொடுங்கள் என்பேன். சங்கச் செயலாளர் பதவியையும் அடுத்த கூட்டத்தில் வேறு ஒருவரிடம் ஒப்படையுங்கள். குடிநீர்க் குழாய்க்கு மனு எழுதத் தெரிந்தவர்கள் உங்கள் தெருவில் வேறு யாரும் இல்லாமலா போய்விட்டார்கள்? கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளம் வருகிறது, அது மருந்துக்குத் தேவை என்றால் விஷயம் வேறு. ஆனால் நீங்கள் அப்படி எழுதவில்லை.

அதில் மிச்சமாகும் நேரத்தில், ஏழரை மணி வாக்கில், உங்கள் தந்தையின் அறைக்குப் போய் விளக்கைப் போடுங்கள். பத்து நிமிடம் போதும். நின்றுகொண்டே பேசாமல், அவர் கண்மட்டத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் பலருக்குப் புரியும் திறன் ஓரளவாவது மிஞ்சியிருக்கும். அறிவு போய்விட்டது என்று எண்ணிக் குழந்தையிடம் பேசுவது போலப் பேசுவதுதான் அவர்களை அதிகம் புண்படுத்தும். சிறு வாக்கியமாகப் பேசுங்கள். ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்குப் பொறுத்திருங்கள், நீங்கள் பழகியதைவிட அதிக நேரம். அவருடைய “இல்லை”க்கு எப்போதும் இல்லை என்றே பொருள் கொள்ள வேண்டாம். நாக்குக்கு அந்த ஒரு சொல் மட்டும் சிக்கியிருக்கிறது. ஆமாம் என்று நினைக்கும்போதும் அதுவே வெளியே வரலாம். முகத்தையும் இடது கையையும் பாருங்கள்.

இன்னொன்று. புதிதாக ஒரு வாக்கியத்தை அமைக்க முடியாதவர்களுக்கும், பல்லாண்டு வாயில் ஊறிப்போன வரிசைகள் சில சமயம் தடையில்லாமல் வரும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது, கிழமைகள், தேவாரம், பழைய பாட்டு. பேசமுடியாத சிலரால் பாட முடிவதும் உண்டு. உங்கள் தந்தை கணக்கு ஆசிரியர். பதினாறாம் வாய்ப்பாட்டை நீங்கள் மெதுவாகத் தொடங்கி, நடுவில் நிறுத்திப் பாருங்கள். ஒன்றும் வராமலும் போகலாம். வரவில்லையே என்று அவரை வற்புறுத்தவோ, வந்துவிட்டது என்று வீட்டையே கூட்டவோ வேண்டாம். இது மருத்துவம் அல்ல, பக்கத்தில் உட்காருவதற்கு ஒரு வேலை. முறையான பேச்சுப் பயிற்சி இதுவரை தொடங்கவில்லை என்றால் அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். இரண்டு வருடம் ஆகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம்; மெதுவாகவானாலும் முன்னேற்றம் அதன் பிறகும் வருவதுண்டு.

ரயில் வீடியோவை அப்பாவோடு சேர்ந்து பார்க்கலாமே என்று யாராவது உங்களுக்கு யோசனை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்த ஒரு மணி நேரம் உங்களுடையது, அதற்குள் கடமையைக் கொண்டுபோய்த் திணித்தால் வேறோர் ஓட்டத்தைத் தேட ஆரம்பிப்பீர்கள். அறையில் பத்து நிமிடம் இருந்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மாடிக்குப் போங்கள். மறைக்காமல் போங்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி. “வேறு ஒரு பெண்ணாக இருந்திருந்தால்கூட” என்று அவர் சொன்னதில் உங்களுக்கு அதிர்ச்சி. எனக்கு இல்லை. ஒரு பெண் என்றால் சண்டை போடலாம், ஊரைக் கூட்டலாம், அவள் நம்மைவிட எதில் உயர்ந்தவள் என்று கேட்கலாம். யாருமே இல்லாத ஒரு தண்டவாளம் தன்னைவிட மேலாகத் தோன்றுகிறது என்றால் அவர் யாரிடம் போய்ச் சண்டை போடுவார்? இரண்டாவதாகச் சொன்னதோ புகார்கூட அல்ல, உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். உங்களுக்குப் பஸ் பயணம் இருக்கிறது, ஆபீஸ் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, மாடி இருக்கிறது, நார்வே இருக்கிறது. அவருக்கு அந்த அறையும் சமையலறையும். படுத்த படுக்கையாக இருப்பவரைத் திருப்பிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிட்டு, மறுபடி துணி மாற்றும் உடல் வலி பற்றி உங்கள் கடிதத்தில் “பார்த்துக்கொள்கிறாள்” என்ற ஒரே சொல்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மாலை வரை உங்கள் தந்தை உங்கள் பொறுப்பு. மகனையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்; எஸ்கேப்பிசம் பற்றிப் பாடம் எடுக்கத் தெரிந்தவனுக்குத் தாத்தாவின் தலையணையை மாற்றவும் தெரியட்டும். உங்கள் மனைவி அந்த நேரத்தில் எங்கே போகிறார், என்ன செய்கிறார் என்பது அவர் விருப்பம். அம்மா வீட்டுக்குப் போகலாம், வெள்ளிக் கடற்கரைக்குப் போகலாம், சினிமாவுக்குப் போகலாம், கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். ‘போய் வா’ என்று அனுமதி தருவது போலச் சொல்லிவிடாதீர்கள். அவர் இல்லாதபோது நடுவில் போன் செய்து மாத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்காமல் இருக்க, சனிக்கிழமையே எல்லாவற்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் அவர் நம்ப மாட்டார், வீட்டிலேயே இருந்துவிடுவார். அடுத்த வாரமும் ஆபீசுக்குப் போகாமல் இருங்கள்.

தூக்கமின்மை தொடர்ந்தாலோ, ரயிலிலும் மனம் ஒட்டாமல் எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, உயிரை விட்டுவிடலாம் போன்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தாலோ, காத்திருக்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். புதுச்சேரியில் ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். அந்த எண்ணை உங்கள் மனைவியின் கைப்பேசியிலும் பதிந்து கொடுங்கள். உங்கள் வீட்டில் இந்தக் கடிதத்தை முதலில் எழுதியிருக்க வேண்டியவர் அவராகக்கூட இருக்கலாம். அவர் எழுத விரும்பினால், தனியாகவே பதில் தருகிறேன்.

அன்புடன்,
ஆலோசகர்,
புதுச்சேரி.